கொல்கத்தாக் குரங்கும் மலேரியாவின் ரகசிய மோட்டாரும்

அரை நிமிடம். மலேரியா ஒட்டுண்ணி உங்கள் சிவப்பணு ஒன்றைத் தொட்டு, புரட்டி, குடைந்து, உள்ளே போய்க் கதவையும் சாத்திக்கொள்ள அவ்வளவு நேரம் போதும். டீயை ஆற்றி ஒரு வாய் குடிப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. அந்த அரை நிமிடமும் ஒரு மோட்டார் ஓடுகிறது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நிஜ மோட்டார்தான். அதற்கு எரிபொருள் உண்டு, நெம்புகோல் உண்டு, பிடிமானம் உண்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் ஏற்பாடு உண்டு. அதன் உருவத்தை அணு அணுவாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த மோட்டார் அறைக்குள்தான் இப்போது எட்டிப் பார்க்கப் போகிறோம். வழி மட்டும் கொஞ்சம் சுற்று. கொல்கத்தா சித்தரஞ்சன் அவென்யூவில் ஒரு குரங்கைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கொல்கத்தா, மலேரியா என்று சேர்த்துச் சொன்னாலே எல்லோருக்கும் ரொனால்டு ராஸ் ஞாபகம்தான் வரும். வரட்டும், தப்பில்லை. 1897 ஆகஸ்ட் 20-ல் செகந்திராபாத்தில் கொசுவின் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணியைப் பார்த்தவர், அடுத்த ஆண்டு கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தார். பிரசிடென்சி ஜெனரல் மருத்துவமனை வளாகத்தில் இருந்த சின்ன ஆய்வகத்தில், பறவைகளுக்கு வரும் மலேரியாவை வைத்து மீதிக் கதையை முடித்தார். 1898 ஜூலையில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் மெல்லிய குச்சிகள் கூட்டம் கூட்டமாகக் கிடப்பதைக் கண்டார். கொசு கடிக்கும்போது நோய் எப்படிப் பரவுகிறது என்பது அந்த நொடியில் விளங்கிவிட்டது. 1902-ல் நோபல் பரிசு. இது பள்ளிக்கூடப் பாடம், இதற்கு மேல் இங்கே வேண்டாம். அந்தக் குச்சிகளை மட்டும் மறந்துவிடாதீர்கள். நாம் தேடிப் போகும் மோட்டார் அவற்றுக்குள்ளேயும் இருக்கிறது. ராஸ் பார்த்தது வண்டியை. எஞ்சினைப் பார்க்க அடுத்த நூற்றாண்டே பிறக்க வேண்டியிருந்தது.

சரி, குரங்கு.

கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளி 1920-களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. லியோனார்ட் ராஜர்ஸ் என்ற மருத்துவர் வருடக்கணக்கில் அலைந்து திரிந்து எழுப்பிய நிறுவனம் அது. மெடிக்கல் காலேஜை ஒட்டி, சித்தரஞ்சன் அவென்யூவில் இன்றும் நிற்கிறது. 1931-ல் அங்கே எல்லோருடைய தலைவலியும் காலா அசார்தான். வங்காளத்தையும் பீகாரையும் அசாமையும் சூறையாடிய காய்ச்சல் அது. லயோனல் நேப்பியர் என்ற மருத்துவர் அதை ஆராய்வதற்காகக் குரங்குகளை வாங்கி வைத்திருந்தார். அவற்றில் ஒன்று, சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்த நீள்வால் குரங்கு. அதன் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தால், காலா அசாருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஏதோ ஒன்று சிவப்பணுக்களுக்குள் உட்கார்ந்திருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

சொந்தக்காரக் குரங்குக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் அந்த ரத்தத்தை நம்மூர் ரீசஸ் குரங்குக்கு ஏற்றியபோது நிலைமை தலைகீழானது. சிவப்பணுக்கள் மளமளவென்று வெடித்தன, சிறுநீர் கறுத்தது, குரங்கு செத்தது. நேப்பியரும் அவருடைய சக ஆய்வாளர் கேம்ப்பெல்லும் இதைக் கவனித்து எழுதி வைத்தார்கள். இது என்ன பிராணி என்று சொல்ல வேண்டியவர் அதே பள்ளியின் ஒட்டுண்ணியியல் பேராசிரியர் ராபர்ட் நோல்ஸ். அவரோ விடுப்பில் இருந்தார். பொறுப்பு அவருடைய உதவியாளர் பிரஜ் மோகன் தாஸ்குப்தா கைக்கு வந்தது.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் உணர்ச்சிவசப்படத் தோன்றுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மலேரியா ஒட்டுண்ணியைச் சீசாவில் வளர்க்க அன்று வழியே கிடையாது. அது உயிரோடு இருக்க வேண்டுமானால், ஒரு குரங்கு சாவதற்குள் அதன் ரத்தத்தை எடுத்து அடுத்த குரங்குக்கு ஏற்ற வேண்டும், அதிலிருந்து இன்னொன்றுக்கு. ஒருநாள் கவனம் தப்பினாலும் வம்சமே அழிந்துபோகும். தாஸ்குப்தா அதை அழியவிடாமல் குரங்கிலிருந்து குரங்குக்கு மாற்றி மாற்றிக் காப்பாற்றி, மேலதிகாரி திரும்பி வந்ததும் ஒப்படைத்தார். இருவரும் சேர்ந்து ஆராய்ந்து 1932-ல் ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழில் வெளியிட்டார்கள். அந்த ஒட்டுண்ணி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுகிறது, அதனால் காய்ச்சல் தினமும் வருகிறது. அது மட்டுமல்ல, குரங்கு ரத்தத்தை மனிதருக்கு ஏற்றினால் மனிதருக்கும் வருகிறது. ஆமாம், மனிதர்களுக்கு ஏற்றித்தான் பார்த்தார்கள். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அந்த விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காது.

அதே ஆண்டில் மலேரியா ஆய்வாளர்கள் சிண்டனும் மல்லிகனும் அதற்குப் பெயர் சூட்டினார்கள்: பிளாஸ்மோடியம் நோலெசி. நோல்ஸின் பெயரால். விக்டோரியா கிராஸ் என்ற போர்வீரப் பதக்கத்தையும் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவியையும் சேர்த்துப் பெற்ற ஒரே மனிதர் இந்த ஜான் சிண்டன். இங்கே அவருக்கு வேலை பெயர் வைப்பதோடு முடிகிறது. காத்தவர் ஒருவர், பெயர் போனது இன்னொருவருக்கு. ராஸுக்குக் கொசு பிடித்துக் கொடுத்த முகமது பக்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

இந்தக் குரங்குக் கிருமியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதலில் யாருக்கும் தெரியவில்லை. மூளையைத் தாக்கிய சிபிலிஸ் நோயாளிகளுக்குக் காய்ச்சலை வரவழைத்துக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு 1930-களில் அதைப் பயன்படுத்தினார்கள். ஐரோப்பாவில் நோயாளியிலிருந்து நோயாளிக்கு மாறிக்கொண்டே போனதில் அதன் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி, கடைசியில் கைவிட வேண்டியதாயிற்று. அதன் உண்மையான அருமை தெரிந்தது 1970-களில், அமெரிக்காவில், ஒரு வீடியோ கேமராவின் முன்னால்.

மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது பழைய ஆசை. ஆனால் மனிதரை அதிகம் கொல்லும் ஃபால்சிபாரத்தை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் முறையே 1976-ல்தான் வந்தது. கையில் கிடைத்ததும் பொடியன். சிவப்பணுவை உடைத்துக்கொண்டு வெளிவரும் ஒட்டுண்ணிக்கு மீரோசோயிட் என்று பெயர். ஃபால்சிபாரத்தின் மீரோசோயிட் ஒன்றரை மைக்ரான்கூடத் தேறாது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டினால் ஒரு துண்டுதான் ஒரு மைக்ரான். வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் அதன் தெம்பும் போய்விடும். நோலெசியின் மீரோசோயிட்டோ பெரியது, சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். ரீசஸ் குரங்குக்குள் எல்லா ஒட்டுண்ணிகளும் ஒரே நேரத்தில் முதிர்ந்து ஒரே நேரத்தில் வெடித்து வெளிவரும். படம் எடுக்கிறவருக்கு இதைவிட ஒத்துழைக்கும் நடிகர் எங்கே கிடைப்பார்?

1975-ல் டிவோராக், லூயிஸ் மில்லர் குழுவினர் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் நுண்ணோக்கியோடு வீடியோ கேமராவைப் பொருத்தி முதல் காட்சியைப் பிடித்தார்கள். கதாநாயகன், நம் கொல்கத்தா நோலெசி. காட்சியைச் சொல்கிறேன், கற்பனை செய்துகொள்ளுங்கள். ஏழெட்டு மைக்ரான் அகலத்தில், நடுவில் குழிந்த சிவப்பணு சும்மா மிதந்துகொண்டிருக்கிறது. மீரோசோயிட் அதன் ஓரத்தில் உரசுகிறது. உடனே சிவப்பணு நெளிகிறது, மடிகிறது, கசங்குகிறது. மீரோசோயிட் புரண்டு, தன் கூரான முனை சரியாகச் சிவப்பணுவின் தோலைத் தொடும்படி திரும்பிக்கொள்கிறது. ஒரு கணம் எல்லாம் அடங்குகிறது. பிறகு தோலில் ஒரு பள்ளம் விழுகிறது. ஒட்டுண்ணி அந்தப் பள்ளத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. வாசலில் அதன் இடுப்பு இறுகுகிறது, அப்புறம் பின்புறமும் உள்ளே போய்விடுகிறது. வாசல் மூடிக்கொள்கிறது. சிவப்பணு மறுபடி ஒருமுறை சுருங்கி விரிந்து பழைய உருவத்துக்கு வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி.

படம் ஓடிய வேகத்திலேயே அடுத்தடுத்த செய்திகளும் வந்தன. அதே 1975-ல் மில்லர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். டஃபி என்ற ரத்த வகைப் பொருள் இல்லாத சிவப்பணுவுக்குள் நோலெசியால் நுழைய முடியவில்லை. மேற்கு ஆப்பிரிக்க மக்களில் பெரும்பாலோருக்கு வைவாக்ஸ் என்ற வகை மலேரியா ஏன் ஒட்டுவதில்லை என்ற நெடுங்காலப் புதிருக்கு இதிலிருந்துதான் விடை கிடைத்தது. அவர்களுக்கு டஃபி இல்லை. நமக்கு இருக்கிறது. சென்னையிலும் கொல்கத்தாவிலும் வைவாக்ஸ் சொகுசாக வாழ்வதற்கு அதுவும் ஒரு காரணம். 1978-ல் ஐகாவா, மில்லர் குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த இறுகிய வாசலைப் படமெடுத்தது. ஒட்டுண்ணியும் சிவப்பணுவும் ஒட்டிக்கொள்ளும் அந்த வளையம், ஒட்டுண்ணி உள்ளே போகப் போக அதன் முனையிலிருந்து பின்புறத்துக்கு நகர்ந்தது. அதற்கு நகரும் சந்திப்பு என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டு ஒட்டுண்ணிக்கு சைட்டோகலசின் என்ற பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆக்டின் இழைகள் நீளாமல் தடுக்கும் சரக்கு அது. ஒட்டுண்ணி ஒட்டியது, வாசலையும் பிடித்தது, ஆனால் உள்ளே போக முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டது!

துப்பு கிடைத்துவிட்டது. சிவப்பணு அதை விழுங்கவில்லை, அது தானாக முட்டிக்கொண்டு போகிறது. ஆக்டின் தேவைப்படுகிறது என்றால், ஆக்டினைப் பிடித்து இழுக்கும் மயோசினும் எங்கோ இருக்க வேண்டும். மயோசின் நமக்குப் புதியதல்ல. நீங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிய விரலில் வேலை செய்ததும் அதுதான். ஆனால் மலேரியா ஒட்டுண்ணியிடம் தசை கிடையாது, கால் கிடையாது, நீந்தும் வாலும் கிடையாது. பிறகு மோட்டாரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது?

தோலுக்கு அடியில். வாருங்கள், இதுதான் மோட்டார் அறை.

மீரோசோயிட்டின் வெளிச் சவ்வுக்குக் கீழே, அதை ஒட்டியபடி, தட்டையான பைகளால் ஆன இன்னொரு உள்சவ்வு ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் வெறும் 25, 30 நானோமீட்டர் இடைவெளி. மொத்த இயந்திரமும் அந்தச் சந்துக்குள்தான். மயோசின் ஏ என்ற மோட்டார் புரதம் தன் குட்டி வாலால் உள்சவ்வுப் பக்கம் கட்டப்பட்டிருக்கிறது. வாலைக் கவ்விப் பிடித்திருப்பது எம்டிஐபி என்ற புரதம். எம்டிஐபியைப் பிடித்திருப்பது கேப்45, அதற்குத் துணை கேப்50. மயோசினின் தலை வெளிப்பக்கம் பார்த்து நிற்கிறது. அங்கே குட்டைக் குட்டையாக ஆக்டின் இழைகள். ஆக்டின் இழையிலிருந்து ஓர் இணைப்புப் புரதம் வெளிச் சவ்வுக்குப் போகிறது. சவ்வைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிடிப்புப் புரதம் சிவப்பணுவைப் பற்றிக்கொண்டிருக்கிறது. இத்தனையும் சேர்ந்த தொகுப்புக்குக் கிளைடியோசோம் என்று பெயர்.

இப்போது ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு மயோசினின் தலையில் உடைகிறது. தலை ஆக்டினைப் பிடிக்கிறது, கழுத்துப் பகுதியான நெம்புகோல் ஒரு வெட்டு வெட்டுகிறது. ஆக்டின் இழை சில நானோமீட்டர் பின்னால் தள்ளப்படுகிறது. ஹூக்ளி ஆற்றங்கரையில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தோணியில் நின்றுகொண்டு அந்தக் கயிற்றைக் கையால் இழுத்தால் கயிறு பின்னால் போகும், தோணி முன்னால் போகும். அதேதான் இங்கேயும். ஆக்டின் கயிறு, சிவப்பணு கரை, தோணியில் நின்று இழுக்கும் ஆள் மயோசின் ஏ. ஓர் ஆள் அல்ல, ஒட்டுண்ணியின் உடல் நெடுக ஏராளமான ஆட்கள். ஒவ்வொருவரும் ஒரு வெட்டு இழுத்துக் கையை விட்டுவிட்டு அடுத்த ஏடிபியைத் தேடுகிறார்கள்.

கொசுவின் உமிழ்நீரில் ராஸ் பார்த்த அந்தக் குச்சிகள், அதாவது ஸ்போரோசோயிட்டுகள், தோலுக்குள் இறங்கியதும் நொடிக்கு ஒன்றிரண்டு மைக்ரான் வேகத்தில் வழுக்கிக்கொண்டு ரத்தக் குழாயைத் தேடுவதும் இதே இயந்திரத்தால்தான். மீரோசோயிட்டுக்கு அப்படி வழுக்கும் வித்தை கிடையாது, நுழைய மட்டும்தான் தெரியும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2021-ல் ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதுவும் வழுக்குகிறது என்று படம்பிடித்துக் காட்டினார்கள். மறுபடியும் நோலெசி! ஃபால்சிபாரமும் வழுக்குகிறதுதான், ஆனால் நம் ஆள் அதைவிட வேகம்.

இந்த மோட்டாரைச் சீசாவுக்குள் ஓடவிட்டுப் பார்ப்பதற்குள் விஞ்ஞானிகளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜீன் தெரியும், அதை வேறு செல்லுக்குள் வைத்துப் புரதத்தைத் தயாரித்தால் அது சரியாக மடங்காமல் உருப்படாமல் போய்விடும். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் டிரைபஸ் குழு ஒரு வழி கண்டது. மயோசினை மடித்துச் சீராக்கும் ஒட்டுண்ணியின் சொந்தத் துணைப் புரதத்தையும் கூடவே பூச்சிச் செல்லுக்குள் தயாரிக்க வைத்தது. கழுத்தைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு சின்னப் புரதங்களையும் சேர்த்தது. பிறகு கண்ணாடித் தகட்டில் மோட்டார்களை ஒட்டி, அவற்றின் மேல் ஒளிரும் ஆக்டின் இழைகளைத் தெளித்து, ஏடிபியை ஊற்றியது. இழைகள் கறுப்புப் பின்னணியில் சுறுசுறுவென்று ஊர ஆரம்பித்தன. நொடிக்குச் சுமார் 4 மைக்ரான். 2017-ல் இந்த முடிவு வெளியானது. அந்த வீடியோக்களைப் பார்த்தால் ஒரு மாலை நேரம் போனதே தெரியாது, எச்சரிக்கிறேன்.

இனி உருவம். ஒரு புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால், சிதறும் புள்ளிகளிலிருந்து அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்குப் போட முடியும். 2006 இதில் ஒரு கொண்டாட்ட வருடம், அதுவும் கொல்கத்தாக்காரர்களுக்கு. அந்த ஆண்டு டெல்லியில் உள்ள சர்வதேச மரபணுப் பொறியியல் உயிரித் தொழில்நுட்ப மையத்தில் அமித் சர்மா, சேத்தன் சிட்னிஸ் குழுவினர், டஃபியைப் பற்றிக்கொள்ளும் ஒட்டுண்ணிப் புரதத்தின் உருவத்தை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அந்தப் புரதம் நோலெசியினுடையது. அதே ஆண்டு சியாட்டிலில் விம் ஹோல் குழு, ஃபிலடெல்ஃபியாவின் அகில் வைத்யாவோடும் லாரன்ஸ் பெர்க்மனோடும் சேர்ந்து, மோட்டாரின் வாலை எம்டிஐபி எப்படிக் கவ்வுகிறது என்ற உருவத்தை வெளியிட்டது. அந்த எம்டிஐபியும் நோலெசியினுடையதே! கதவைப் பிடிக்கும் கையும் மோட்டாரைக் கட்டிவைக்கும் கொக்கியும் ஒரே வருடத்தில், சிங்கப்பூர்க் குரங்கிலிருந்து கொல்கத்தாவில் பிடிபட்ட அந்த ஒட்டுண்ணி இனத்திலிருந்து. எனக்கு இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது.

எம்டிஐபி சும்மா இருக்கும்போது ஒரு தோற்றம், வாலைக் கவ்வும்போது வேறு தோற்றம். படிகத்துக்குள் அதன் மூன்று நிலைகள் ஒன்றாகவே சிக்கியிருந்தன. வால் வந்ததும் அது வளைந்து மூடிக்கொள்ள, வாலின் எண்ணெய்ப்பசை உள்ள பகுதிகள் போய் உட்காரப் பள்ளங்கள் உருவாகின்றன. பள்ளம் இருந்தால் அதை அடைக்க ஒரு மருந்து செய்யலாமே என்று வேதியியல்காரர்களின் கை அப்போதே பரபரத்தது.

இந்த உருவங்களில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. உலகில் எந்த ஆய்வகம் எந்தப் புரதத்தின் உருவத்தைத் தீர்த்தாலும், புரத வங்கியில் போடுவதற்கு முன் அது சரிதானா என்று பார்க்க ஒரு வரைபடத்தில் வைத்துச் சோதிப்பார்கள். அது ராமச்சந்திரன் வரைபடம். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வெளியிட்டது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று அது சொல்லிவிடும். மலேரியா மோட்டாரின் ஒவ்வொரு திருப்பமும் கிண்டியில் பிறந்த அந்தச் சோதனையில் தேறித்தான் வெளியே வந்திருக்கிறது. ராமச்சந்திரனின் குரு சி.வி. ராமன். ராமன் தன் நோபல் ஆராய்ச்சியை 1928-ல் செய்த பௌபஜார் தெருக் கட்டடம் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. அந்த வட்டாரத்துத் தண்ணீரில் என்னதான் கலந்திருந்ததோ!

முழு மோட்டாரின் உருவம் வந்து சேர்ந்தது மிகச் சமீபத்தில். 2019-ல் பாரிஸ் கியூரி நிறுவனத்தில் ஆன் ஹூதூஸ் குழு ஃபால்சிபாரத்தின் மயோசின் ஏ தலையை மூன்று வெவ்வேறு நிலைகளில் படமெடுத்தது. மறு ஆண்டு கழுத்தும் அதைத் தாங்கும் இரண்டு புரதங்களும் சேர்ந்த முழு உருவம் வந்தது. 2022-க்குள் ஆக்டின் இழையைப் பிடித்தபடி இருக்கும் காட்சியும் உறைய வைத்த மாதிரியை ஆராயும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கிடைத்துவிட்டது.

படம் வந்ததும் எல்லோருக்கும் ஒரு குழப்பம். இந்த மோட்டார் ஓடவே கூடாதே! மயோசின் குடும்பத்தில் நெம்புகோல் திரும்பும் மூட்டில் கிளைசின் என்ற குட்டி அமினோ அமிலம் இருக்கும். மூட்டு வளைய அது அவசியம். மற்ற மயோசின்களில் அதை மாற்றினால் மோட்டார் முடங்கிவிடும். மலேரியா மயோசினில் அந்தக் கிளைசினே இல்லை, வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் அது பேயாக ஓடுகிறது. விடை, இந்த மயோசினின் தொடக்கத்தில் கூடுதலாக நீண்டிருக்கும் ஒரு முனையில் இருந்தது. அதில் 19-ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம். ஒட்டுண்ணி அதன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பாஸ்பேட்டின் எதிர்மின்சுமை, நெம்புகோலைத் திருப்பும் பகுதியில் 764-ஆம் இடத்தில் உள்ள லைசினின் நேர்மின்சுமையோடு பிணைகிறது. மூட்டில் இல்லாத வசதியை இந்தப் பிணைப்பு வேறு வழியில் ஈடுகட்டுகிறது.

இதில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. பாஸ்பேட் இருந்தால் மோட்டாருக்கு வேகம் அதிகம், இழுவை குறைவு. பாஸ்பேட் இல்லாவிட்டால் வேகம் குறைவு, இழுவை அதிகம். தோலுக்குள் ஓடும் ஸ்போரோசோயிட்டுக்கு வேகம் வேண்டும். சிவப்பணுவை முட்டிக்கொண்டு நுழையும் மீரோசோயிட்டுக்கு விசை வேண்டும். ஒரே மோட்டாரைத் தேவைக்கேற்ப இரண்டு விதமாகவும் ஓட்டும் தந்திரம் இதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மயோசின் ஏ ஜீனையே நீக்கிப் பார்த்தபோது மீரோசோயிட் சிவப்பணுவிடம் போய் நிற்கிறது, உள்ளே மட்டும் போக முடியவில்லை. 1979-ல் நோலெசி சைட்டோகலசினைக் குடித்துவிட்டு நின்றதே, அதே வாசல்.

அப்படியானால் மோட்டாரை நிறுத்த ஒரு மருந்து செய்துவிடலாமே? செய்யலாம், ஆனால் கத்திமேல் நடக்கிற வேலை. நம் உடலிலும் ஏறக்குறைய நாற்பது மயோசின் வகைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, இதயத்தில் துடிப்பதும் சேர்த்து. மலேரியாவை நிறுத்தப் போய் இதயத்தை நிறுத்திவிட்டால் என்ன ஆவது? ஒட்டுண்ணியின் மோட்டார் இவ்வளவு கோணலாக இருப்பதே நமக்கு அதிர்ஷ்டம். வேறுபாடு இருக்கும் இடத்தில்தான் குறிவைக்க முடியும். கேஎன்எக்ஸ்-002 என்ற சிறு மூலக்கூறு அப்படிக் கிடைத்தது. 2023-ல் வெளியான உருவத்தில், அது மயோசின் ஏ-யின் தலைக்குள் இதுவரை யாரும் குறிவைக்காத ஓரிடத்தில் போய் அடைந்துகொள்கிறது. ஏடிபி சரியாக உடைய முடியாமல், நெம்புகோல் மறுபடி ஓங்க முடியாமல், மோட்டார் ஆக்டினை விட்டுவிட்டு வெறுமனே நிற்கிறது. ஆய்வகத்தில் ஃபால்சிபாரம் ரத்தத்தில் பெருகுவதையும் அது தடுத்தது. ஆனால் அது இன்னும் மருந்து ஆகவில்லை. மருந்துக்கு வழிகாட்டும் ஒரு தொடக்கம், அவ்வளவே. உலகில் வருடத்துக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மலேரியாவில் சாகிறார்கள், பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். இருக்கிற மருந்துகளுக்கு ஒட்டுண்ணி ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டு வருகிறது. இந்த வேலை அவசரமானது.

நம் நோலெசியும் சும்மா இருக்கவில்லை. ஆய்வகக் கிருமியாகவே நெடுங்காலம் கருதப்பட்ட அது, 2004-ல் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ் சிங் குழுவினர் சரவாக் மாநிலத்தின் காப்பிட் வட்டாரத்தில் பார்த்தபோது மனிதர்களிடம் தாராளமாக உலவிக்கொண்டிருந்தது. அங்கே சோதித்த 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது நோலெசி. குரங்கிலிருந்து கொசு வழியாக நேரே மனிதருக்கு. நுண்ணோக்கியில் வேறு மலேரியா போலத் தெரிந்ததால் அதுவரை பெயர் மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். மனித மலேரியாவை ஒழித்துக்கட்டிய மலேசியாவுக்கு இன்று தலைவலி இந்தக் குரங்கு மலேரியாதான். காட்டோரம் வேலை செய்யும் மலேசியத் தமிழர்கள் காய்ச்சல் என்றால் தட்டிக்கழிக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும் கிருமி ஒருநாள் தாமதத்தையும் மன்னிக்காது.

கொல்கத்தா போகிறவர்களுக்கு ஒரு யோசனை. விக்டோரியா மெமோரியல் பார்த்துவிட்டு அப்படியே நடந்தால் எஸ்எஸ்கேஎம் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் பி.ஜி. மருத்துவமனை வந்துவிடும். அங்கே சுவரில் ராஸுக்கு நினைவு வாயில் இருக்கிறது, 1927-ல் ராஸ் உயிரோடு இருக்கும்போதே, அவர் முன்னிலையிலேயே திறந்தது. அதைப் பார்த்துவிட்டு ரவீந்திர சதன் நிலையத்தில் மெட்ரோ பிடித்து சென்ட்ரலில் இறங்குங்கள். சித்தரஞ்சன் அவென்யூவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒட்டுண்ணிக்கு வைத்த பெயரை இனி மாற்ற முடியாது. ஆனால் நோலெசி என்று யாரிடமாவது சொல்லும்போது, பிரஜ் மோகன் தாஸ்குப்தா என்பவர்தான் அதை உயிரோடு காப்பாற்றினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.